கடவுச்சொல்லுக்கு முன்னால் ஒரு காவல்காரன்

அத்தியாயம் 4

லண்டனின் மோர்டன் பகுதியில் ஒரு சேலைக் கடையின் மேல்மாடியில் சந்திரவதனாவின் துப்பறியும் நிலையம் இருந்தது. 'கீழே கூறைச் சேலை, மேலே குற்றம்' என்று பலகை எழுதிப் போடலாம் என்று உதவியாளன் றமணன் பல தடவை கெஞ்சிப் பார்த்துவிட்டான். சந்திரவதனா மசியவில்லை. ஜெர்மனியில் ஒரு வெதுப்பகத்தில் வருடக்கணக்காக அடுப்பைப் பார்த்துவிட்டு லண்டனுக்கு வந்தவர் அவர். அவசரப்பட்டு அடுப்பைத் திறந்தால் கேக் அமுங்கிவிடும் என்று அங்கே கற்றுக்கொண்டார். அதையே துப்பறிவதிலும் கடைப்பிடித்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருக்கு எதிரே விஜயரத்தினம் உட்கார்ந்திருந்தார். லண்டனின் மறு கோடியில் பார்க்கிங் என்ற ஊரில் வீடு, அங்கேயே ஒரு பலசரக்குக் கடை, ஞாயிற்றுக்கிழமை ஒரே மகளுக்குக் கல்யாணம். கல்யாண வீட்டுக்காரருக்கு வேண்டிய களைப்பு முகத்தில் இருந்தது. களைதான் இல்லை.

"வாசல் திறக்குதில்லை," என்றார்.

"பூட்டுக்காரனைத்தானே கூப்பிட்டிருக்கோணும்," என்றான் றமணன்.

"வீட்டு வாசல் இல்லைத் தம்பி. கோயில் வெப்சைட்டின்ரை வாசல்."

கிழக்கு லண்டனில் ஒரு பிள்ளையார் கோயில். பெயரைச் சொன்னால் நிர்வாக சபை அவசரக் கூட்டம் போட்டு என்னைக் கண்டிக்கும் என்பதால் சொல்லாமல் விடுகிறேன். அதன் மண்டபத்தில்தான் கல்யாணம். மண்டபம் எடுத்தவர்கள் முந்திய வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் கோயில் இணையதளத்துக்குள் போய் 'உறுதி' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் மண்டபம் தன்பாட்டில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். அடுத்து நிற்பவர் கனகலிங்கம். அவருக்கு அறுபதாம் கல்யாணம். முதற் கல்யாணத்தையே யாரும் மறக்கவில்லை என்று ஊரில் பேச்சு.

"பாஸ்வேர்ட் மறந்திட்டுதோ அண்ணை?" என்று றமணன் கேட்டான்.

"கேட்டாத்தானே தம்பி மறக்கிறதுக்கு. பேரும் கேக்குதில்லை, பாஸ்வேர்ட்டும் கேக்குதில்லை. திறந்த உடனை ஒரு சிவப்புப் பக்கம். 'இந்த வாசல் உங்களுக்கு இப்போது திறக்காது' எண்டு மட்டும் கிடக்கு. கீழை பிள்ளையார் படம். அவரும் என்னைப் பாத்துச் சிரிக்கிற மாதிரி இருக்கு."

"கோயிலுக்குப் போன் எடுத்துக் கேட்டனீங்களோ?" என்றார் சந்திரவதனா.

விஜயரத்தினம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "இல்லை. கனகலிங்கம் கமிட்டியிலை இருக்கிறான். அவன் என்னத்தை அறிஞ்சு வைச்சிருக்கிறான் எண்டு நீங்கள்தான் கண்டுபிடிக்கோணும்."

பார்க்கிங்குக்குப் போக இருவரும் நொதேர்ன் லைன் ரயிலில் பாங்க் நிலையம் வரைக்கும் போனார்கள். டிஸ்றிக்ட் லைனில் மாறி ஏறியதும் சந்திரவதனா கேட்டார்.

"றமணன், உன்ரை வீட்டை ஒருத்தன் பூட்டிப்போட்டான் எண்டு வை. நீ என்ன கேப்பாய்?"

"ஆர் பூட்டினது, ஏன் பூட்டினது எண்டு கேப்பன். அடுத்ததாக் கெட்ட வார்த்தை."

"இந்த மனுசன் 'அவன் என்ன செய்தவன்' எண்டு கேக்கேல்லை. 'என்னத்தை அறிஞ்சவன்' எண்டு கேக்குது. அறியிறதுக்கு இவரிட்டை என்னவோ இருக்கு."

"அக்கா, எங்கடை கலியாண வீடுகளிலை கூட 'சாப்பிட்டியளோ' எண்டு ஒரு வார்த்தை கேட்டுத்தான் ஆளை அனுப்புவினம். பேரும் கேளாமல் துரத்திற வெப்சைட்டை நான் இப்பதான் பாக்கிறன்."

சந்திரவதனா அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் உளறுகிற பத்தில் ஒன்று வழக்கைத் திறந்துவிடும். மற்ற ஒன்பதுக்காக அவனைத் திட்டலாமா கூடாதா என்பது அவருக்கு எப்போதும் குழப்பம்.

பார்க்கிங் வீட்டில் பலகாரப் பெட்டிகள் மாடிப்படி வரை அடுக்கியிருந்தன. விஜயரத்தினத்தின் மனைவி ஜெயகௌரி நொண்டி நொண்டி வந்து வரவேற்றார். மணமகள் மேனுஷா கை நிறைய மருதோண்டியோடு, சமர்ப்பணம் செய்கிறவள் போல் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு சோபாவில் இருந்தாள்.

றமணன் நேரே கணினிக்குப் போனான். சந்திரவதனா கணினிப் பக்கம் போவதில்லை. திரையில் தெரிவதை எல்லாரும் பார்ப்பார்கள், நான் ஏன் பார்க்க வேண்டும் என்பார். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் சுவாமித் தட்டு. பிள்ளையார், முருகன், அம்மன் எல்லாரும் வரிசையில் இருந்தார்கள். முன்னால் குத்துவிளக்கு. திரி காய்ந்து கிடந்தது.

"கலியாண வீட்டிலை விளக்குக் கொளுத்தேல்லையோ?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"எனக்கு முழங்கால் நோ. இவரைக் கொளுத்தச் சொன்னனான்," என்றார் ஜெயகௌரி.

"எனக்குக் கடைக்குப் போற அவசரம். பிள்ளையைச் சொன்னனான்," என்றார் விஜயரத்தினம்.

"எனக்குக் கையிலை மருதோண்டி. அம்மாவைச் சொன்னனான்," என்றாள் மேனுஷா.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மூன்று சுவரைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை வேறு.

"அக்கா, இஞ்சை வாங்கோ," என்றான் றமணன். "இவையின்ரை கொம்பியூட்டரிலை சிவப்பு. சரி, கொம்பியூட்டருக்குத்தான் கொழுப்பு எண்டு நினைச்சு, இவையின்ரை வைபையிலை என்ரை போனைப் போட்டன். அதிலையும் சிவப்பு. எனக்கும் கோயிலுக்கும் ஒரு கோபமும் இல்லை. போன மாசம் கூட அங்கை நாலு தரம் அன்னதானம் சாப்பிட்டனான்."

"வைபையை நிப்பாட்டிப்போட்டுப் பார்."

நிறுத்தினான். போன் தன் சொந்த இணைப்பில் போனது. சாதுவான வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்து, பெயர் என்ன, கடவுச்சொல் என்ன என்று மரியாதையாகக் கேட்டது.

"கண்டியளோ?" என்றார் சந்திரவதனா. "பேரைக் கேட்டுத் துரத்தினா அது ஆளிலை கோபம். பேர் கேளாமலே துரத்திறவனுக்கு நீங்கள் ஆரெண்டே தெரியாது. எங்கையிருந்து வாறியள் எண்டு மட்டும்தான் தெரியும். அவன் தடுத்தது உங்களையில்லை அண்ணை. இந்த வீட்டை."

"அப்ப அலுவல் சுகம்," என்று றமணன் போனை நீட்டினான். "என்ரை போனாலை உள்ளுக்குப் போய் அந்தப் பட்டனை அழுத்துங்கோ. மண்டபம் உங்களுக்கு. நாங்கள் ரெண்டு பயித்தம் பணியாரத்தைச் சாப்பிட்டிட்டு வெளிக்கிடுறம்."

இந்த இடத்தில் எந்தத் தகப்பனும் போனைப் பறித்திருப்பான். விஜயரத்தினம் விரலை நீட்டினார். பிறகு அந்த விரலாலேயே காதைச் சொறிந்தார்.

"வேண்டாம்," என்றார் ஜெயகௌரி. "சுத்துப் பாதையாலை போய்ப் பிள்ளையாரை ஏமாத்தக் கூடாது. முதல்லை ஏன் தடுத்தவை எண்டு தெரியோணும்."

"ஓமோம், அதுதான் சரி," என்றார் விஜயரத்தினம், தேவைக்கு மேலான வேகத்தில். மேனுஷா தன் மருதோண்டியை முதல் முறையாகப் பார்ப்பவள் போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயில் அலுவலகத்தில் சுஜீத் இருந்தான். வார நாட்களில் ஒரு வங்கியின் கணினிகளுக்குப் பாதுகாப்புப் பார்ப்பவன். வெள்ளிக்கிழமைகளில் லீவு எடுத்துப் பிள்ளையாரின் இணையதளத்தைச் சும்மா பார்த்துக் கொடுக்கிறான். வங்கியில் அவன் சொன்னால் மேலாளர்கள் கேட்பார்கள். இங்கே கமிட்டி சொல்லும், அவன் கேட்பான்.

"கனகலிங்கம் அண்ணையோ?" என்று சுஜீத் சிரித்தான். "அவருக்குத் தன்ரை வாசலையே திறக்கத் தெரியாது அக்கா. கிழமைக்கு ஒருக்கா நான்தான் புதுப் பாஸ்வேர்ட் எடுத்துக் குடுக்கிறனான். அது வேறை விசயம். உங்கடை சிவப்புப் பக்கம் துடக்குப் பக்கம்."

துடக்கு என்றால் இந்தியாவில் தீட்டு என்பார்கள். குடும்பத்தில் ஒரு சாவு நடந்தால் முப்பத்தொரு நாளைக்கு அந்த வீட்டார் கோயில் படி ஏறுவதில்லை, வீட்டிலும் சுவாமி விளக்கு ஏற்றுவதில்லை. நல்ல காரியம் எதுவும் செய்வதில்லை. கல்யாணம் என்ற பேச்சே இல்லை.

"முந்தியெல்லாம் துடக்கு வீட்டுக்காரரும் உள்ளுக்கு வந்து அர்ச்சனை, மண்டபம் எல்லாம் பதிஞ்சு போட்டுப் பிறகு ஐயோ மறந்திட்டம் எண்டு போன் எடுப்பினம்," என்றான் சுஜீத். "ஐயர் கத்துவார். கமிட்டி கூடினது. ஆக்கள் உள்ளுக்கு வந்தாப் பிறகு தடுக்கிறது மரியாதையில்லை, வாசலிலேயே தடு எண்டு முடிவு. லொக் இன் பண்ண முன்னமே தடுக்கோணும் எண்டினம். ஆள் ஆரெண்டு தெரிய முன்னம் நான் ஆளை எப்பிடித் தடுக்கிறது?"

"வீட்டைத் தடுத்தாய்," என்றார் சந்திரவதனா.

"ஓம் அக்கா. வாசல் காவல்காரனுக்கு முகம் தெரியாது. எந்த வீட்டு இன்டர்நெட்டாலை வாறியள் எண்டு மட்டும் தெரியும். யோசிச்சுப் பாத்தா அது எங்கடை வழக்கத்துக்கும் சரியாத்தான் கிடக்கு. துடக்கு ஆளுக்கு மட்டுமில்லையே, வீட்டுக்கும்தானே. கமிட்டி எனக்குச் சால்வை போர்த்தினது."

"அந்த வீடு துடக்கு எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"நான் ஒருத்தரையும் கேக்கிறேல்லை. வெப்சைட்டிலை 'துடக்கு அறிவித்தல்' எண்டு ஒரு பட்டன் இருக்கு. மற்றவை பகைக்கு அழுத்திப் போடக் கூடாது எண்டு ஒரு விதி வைச்சிருக்கிறன். அந்த வீட்டு ஆக்கள், அந்த வீட்டுக்குள்ளை இருந்து அழுத்தினால்தான் வேலை செய்யும்."

றமணன் விசில் அடிக்கப் போய், கோயில் என்று நினைவு வந்து, அதை ஒரு பெருமூச்சாக மாற்றினான்.

"அப்ப காவல்காரனைக் கூட்டிக்கொண்டு வந்து நிப்பாட்டினது வீட்டுக்காரரே," என்றார் சந்திரவதனா. "ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியாது. வீடு மட்டும்தான் பதியும்."

"சரி. அழுத்தினவை பிழையா அழுத்திப்போட்டினம் எண்டால் எப்பிடி எடுக்கிறது?"

"அதுக்கும் ஒரு பட்டன் இருக்கு. அதே வீட்டுக்குள்ளை இருந்துதான் அழுத்தோணும்."

"அந்த வீட்டுக்குத்தான் வாசல் திறக்காதே."

வங்கிக் கணினிகளுக்குப் பாதுகாப்புப் பார்க்கிற சுஜீத்தின் முகத்தில் ஒரு சிவப்புப் பக்கம் மெல்லத் திறந்தது. "அதை நான் யோசிக்கேல்லை," என்றான். "இதுவரைக்கும் செத்த ஒருத்தரும் திரும்பி வரேல்லை அக்கா."

"வேறை ஒண்டு," என்றான் றமணன். "பக்கத்திலை காரணத்தையும் எழுது மச்சான். காரணம் சொல்லாமல் பிள்ளையார் சிரிச்சுக்கொண்டு நிண்டா சனம் துப்பறியிறவையிட்டைத்தான் ஓடும். எங்களுக்கு அது நல்லதுதான், எண்டாலும் சொல்லுறன்."

"இப்பவே எழுதுறன்," என்று சுஜீத் விசைப்பலகையை இழுத்தான். ஆறு மணிக்குள் விஜயரத்தினம் வீட்டார் அழுத்தாவிட்டால் மண்டபம் கனகலிங்கத்துக்குப் போவதை அவனாலும் தடுக்க முடியாது என்றும் சொன்னான். அதுவும் ஒரு கமிட்டி முடிவாம்.

மறுபடி பார்க்கிங். மூன்று பேரையும் சுவாமித் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்தார் சந்திரவதனா. கடிகாரம் ஆறை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

"அண்ணை, கனகலிங்கத்துக்கு ஒண்டும் தெரியாது. இந்த வீடு துடக்கு எண்டு இந்த வீட்டுக்குள்ளை இருந்துதான் அறிவிச்சிருக்கு. ஆரெண்டு நான் கேக்கேல்லை. இந்த விளக்கை ஆராவது ஒராள் கொளுத்துங்கோ, காணும்." தீப்பெட்டியை எடுத்து நடுவில் வைத்தார்.

ஒருவரும் தொடவில்லை. முழங்கால் நோ இருந்தவர் முழங்காலைத் தடவினார். அவசரம் இருந்தவருக்கு இப்போது எந்த அவசரமும் இல்லை. மருதோண்டி நன்றாகக் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"நான்தான்," என்று ஜெயகௌரி அழத் தொடங்கினார். "பிரான்சிலை, பரிஸிலை இருக்கிற இவரின்ரை சித்தப்பா, சச்சிதானந்தன் மாமா, மோசம் போயிட்டார். மரண அறிவித்தல் பக்கத்திலை கண்டனான். ஊர், பேர் எல்லாம் சரி. கலியாணம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது எண்டுதான் இருந்தனான். இவருக்குத் தெரிஞ்சா கலியாணத்தை நிப்பாட்டிப் போடுவார். ஆனாப் பிள்ளையாரிட்டை எப்பிடி ஒளிக்கிறது? கோயில் பக்கத்திலை அந்தப் பட்டனைக் கண்டன். அவருக்கு மட்டும் சொல்லுவம் எண்டு அழுத்தினனான். கமிட்டிக்குப் போகும் எண்டு எனக்குத் தெரியாது."

விஜயரத்தினம் மனைவியை வெறித்துப் பார்த்தார். "உமக்கும் தெரியுமோ?"

"என்ன உமக்கும்?"

"நானும் கண்டனான். உமக்குத் தெரிஞ்சா அழுது ஊரைக் கூட்டிப் போடுவீர் எண்டு மறைச்சனான். சித்தப்பாவுக்கு அழவும் ஏலாமல் கடைக் களஞ்சியத்திலை அரிசி மூட்டைக்குப் பின்னாலை நிண்டு அழுதனான்."

"அப்பா, அம்மா," என்றாள் மேனுஷா. "எனக்கு ஃபிரெண்ட் ஒராள் அந்த லிங்கை அனுப்பினவ. உங்கள் ரெண்டு பேருக்கும் தெரியக் கூடாதெண்டு நான் வீட்டு ஐபாட்டையே ஒளிச்சு வைச்சனான்."

"ஐபாட்டை நான் மூண்டு நாளாத் தேடுறன்," என்றார் விஜயரத்தினம்.

றமணன் தலையில் கை வைத்தான். "ஒரே வீடு, ஒரே அறிவித்தல். மூண்டு பேரும் மூண்டு அறையிலை இருந்து பாத்திருக்கிறியள். ஒருத்தராவது பரிசுக்குப் போன் எடுத்துக் கேக்கேல்லையோ?"

"கேட்டா அறிஞ்சதாப் போயிடுமே தம்பி," என்றார் ஜெயகௌரி. "அறிஞ்சாத்தானே துடக்கு."

"அறிவித்தலிலை படம் இருந்ததோ?" என்றார் சந்திரவதனா.

"இருந்தது. பெரிய கறுப்புக் கண்ணாடி, பெரிய மீசை. நாப்பது வருசத்துக்கு முந்தின படம்தானே எல்லாரும் போடுறவை," என்றார் விஜயரத்தினம். "அந்தக் காலத்திலை ஊரிலை எல்லாரும் அப்பிடித்தான் இருந்தவை."

சந்திரவதனா கையை நீட்டினார். "நம்பரைத் தாங்கோ. எனக்குச் சித்தப்பா இல்லை. நான் அறிஞ்சா உங்களுக்குத் துடக்கு வராது."

எண்ணை அழுத்தினார். வீடு முழுக்க அமைதி. அந்த அமைதியில் எங்கேயோ நாதஸ்வரம் கேட்டது. சந்திரவதனா போனைக் காதிலிருந்து எடுத்தார். நாதஸ்வரம் போனில் இல்லை. வெளியே, முன்கதவுக்கு அந்தப் பக்கம் ஒலித்துக்கொண்டிருந்தது.

ஜெயகௌரி கணவனின் கையைப் பிடித்தார். மேனுஷா மருதோண்டியோடு தகப்பனின் மறு கையைப் பிடித்தாள்.

"அக்கா," என்றான் றமணன் மெதுவாக. "ஆவி ரோமிங்கிலை வந்து நிக்குது."

சந்திரவதனா போய்க் கதவைத் திறந்தார். ஒரு சூட்கேஸ், அதற்குப் பக்கத்தில் தொப்பி போட்ட, மீசையே இல்லாத ஒரு கிழவர். ஒரு கையில் போன் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது. மறு கையால் அழைப்பு மணியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பரிசிலையிருந்து பஸ்ஸிலை வாறன். கால் ரெண்டும் வீங்கிப் போச்சு," என்றார் சச்சிதானந்தன். "கலியாணத்துக்குக் கார்ட் மட்டும் அனுப்பினாக் காணுமோ? ஒருத்தன் ஒரு போன் எடுக்கேல்லை. ரோசத்திலை வரக் கூடாதெண்டுதான் இருந்தனான். பிறகு பிள்ளையின்ரை கலியாணம் எண்டு வந்தனான். ஏன் எல்லாரும் பேயைக் கண்ட மாதிரி நிக்கிறியள்?"

விஜயரத்தினம் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்து விம்மினார். இந்த முறை அரிசி மூட்டை தேவைப்படவில்லை. கிழவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் வரவேற்பு பிடித்திருந்தது.

"உங்கடை ஊரிலை வேறை ஒரு சச்சிதானந்தன் இருந்தவரோ ஐயா?" என்று சந்திரவதனா கேட்டார்.

"இருந்தவன். பரிசிலைதான் அவனும். போன கிழமை பாவம் போயிட்டான். பள்ளிக்கூடத்திலை அவன் செய்யிற குழப்படிக்கு வாத்தியார் எனக்குத்தான் அடிப்பார். நேற்றுச் செத்தவீட்டுக்குப் போனன். அங்கை ரெண்டு பேர் எனக்கே துக்கம் விசாரிச்சவை. சொந்தம் இல்லைப் பிள்ளை, வெறும் சிநேகிதம்தான். முழுகிப்போட்டுத்தான் வெளிக்கிட்டனான்."

ஜெயகௌரி முழங்கால் நோவை மறந்து எழுந்தார். திரியை எண்ணெயில் தோய்த்து விளக்கை ஏற்றினார். அதைப் பார்க்க, சந்திரவதனாவுக்கே கண் கொஞ்சம் கலங்கியது. ஒரு பெண் மூன்று நாளாகத் தன் மனதுக்குள் தனியாகச் செத்தவீடு நடத்தியிருக்கிறாள். அதுவும் பலகாரம் சுட்டுக்கொண்டே.

"நேரம், அக்கா, நேரம்," என்று றமணன் கத்தினான்.

வீட்டு இணைப்பில் காவல்காரன் இன்னும் நின்றான். அவனை விலக்கும் பொத்தான் அவனுக்குப் பின்னால் இருந்தது. ஆகவே கிழவரையும் சூட்கேஸையும் சோபாவில் விட்டுவிட்டு எல்லாரும் றமணனின் போனோடு தெருவுக்கு ஓடினார்கள். வைபை எட்டாத தூரம் என்று பஸ் தரிப்பிடம் வரைக்கும் ஓடினார்கள். வைபையை நிறுத்தினாலே போதும் என்று றமணன் கத்தியது யார் காதிலும் விழவில்லை. விஜயரத்தினம் பெயரைச் சொன்னார், மேனுஷா கடவுச்சொல்லைச் சொன்னாள், ஜெயகௌரி கண்ணை மூடி ஒரு நொடி கும்பிட்டுவிட்டு 'உறுதி'யை அழுத்தினார். ஆறு மணி அடிக்கக் கொஞ்சம் இருந்தது. 'மண்டபம் உங்களுக்கே' என்று பக்கம் பச்சையானது. பஸ்ஸுக்கு நின்ற வெள்ளைக்காரர் ஒருவரும் சேர்ந்து கை தட்டினார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது.

"வேலை முடிஞ்சுது," என்றான் றமணன் திரும்பி நடக்கையில். "கொலையில்லை, களவில்லை. செத்தவரும் இல்லை. இதை என்ன கேஸ் எண்டு பதியிறது அக்கா?"

"போன் எடுக்காத கேஸ்," என்றார் சந்திரவதனா.

உள்ளே சச்சிதானந்தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தார். தொப்பி கையில் இருந்தது. முகம் தொங்கிப்போயிருந்தது. சற்று முன் விஜயரத்தினம் தன்னைக் கட்டிப்பிடித்து விம்மியது ஏன் என்று இப்போதுதான் அவர் புரிந்துகொண்டவர் போலிருந்தார்.

"வந்த உடனை பிள்ளையாருக்கு ஒரு அர்ச்சனை பதிவம் எண்டு உங்கடை வைபையிலை கோயில் பக்கத்தைத் திறந்தனான்," என்றார். போனை நீட்டினார். சுஜீத் சொன்ன சொல் தவறாதவன். சிவப்புப் பக்கத்தில் இப்போது காரணமும் இருந்தது. 'இந்த வீடு துடக்கில் உள்ளது. எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.'

கிழவர் விஜயரத்தினத்தின் தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆரடா மோனை செத்தது? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."